நான் விடுப்பில் இருந்த நாளில் என் எண்ணில் ஏறிய பதிவு

அனுப்புநர்:
பராமரிப்புப் பணியாளர், பணி எண் 41,
இரண்டாம் தளம், பிற்பகல் பணிமுறை,
முதியோர் பராமரிப்பு இல்லம்.
(என் பெயரையும் வீட்டு முகவரியையும் ஒட்டிய உறையில் தனியே இணைத்துள்ளேன். அதைத் தாங்கள் மட்டும் பிரிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.)

பெறுநர்:
கண்காணிப்பு அலுவலர் அவர்கள்,
முதியோர் இல்லங்கள் ஆய்வுப் பிரிவு.

பொருள்: எங்கள் இல்லத்து முதியவர் ஒருவரின் மின்னணுப் பதிவேடு, அவர் உயிராபத்துக்கு உள்ளான பிறகு என் ரகசிய எண்ணைக் கொண்டு மாற்றப்பட்டது, அதனால் தவறு செய்யாத ஒரு பணியாளர் வேலை இழந்தது, அப்பதிவின் உள்விவரம் அழிவதற்குள் கைப்பற்ற வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனு எழுதி எனக்குப் பழக்கமில்லை. இதை நான்காவது தடவையாக எழுதுகிறேன். முந்தைய மூன்றையும் கிழித்துவிட்டேன். இது எங்கள் மேற்பார்வையாளர் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதாமல் இருப்பது அதைவிடப் பயமாக இருப்பதால் எழுதுகிறேன். முதியவர்களின் அந்தரங்கம் கருதியும், உடன் வேலை செய்பவர்களின் பிழைப்பு கருதியும் இதில் யார் பெயரையும் குறிப்பிடவில்லை. அவரவரை நாங்கள் எப்படி அழைப்போமோ அப்படியே எழுதியுள்ளேன்.

1. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. இந்த இல்லத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டிவிடுவது, படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, இவைதான் என் வேலை. இத்தனை ஆண்டுகளில் என்மேல் ஒரு புகார் வந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கீழே நான் எழுதப்போவதில் என் தவறும் இருக்கிறது. என்னைத் தப்பிக்கவைப்பதற்காக இந்த மனு இல்லை என்பது தங்களுக்கு முதலிலேயே தெரியவேண்டும்.

2. ஏழு மாதம் முன்புவரை ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு நீளமான நோட்டு இருந்தது. யார் சாப்பிட்டார், யார் மறுத்தார், யாருக்கு முதுகில் தோல் சிவந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் அதில் எழுதுவோம். அடுத்த ஷிஃப்ட்டுக்கு வருபவர் அதைப் படித்துவிட்டுத்தான் அறைக்குள் போவார். அது குறையில்லாத ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். எங்களில் சிலர் கையெழுத்தை எழுதியவராலேயே படிக்க முடியாது. ஒருமுறை ஒரு பக்கமே காணாமல் போயிருக்கிறது. பிறகு அந்த நோட்டுகளை எடுத்துவிட்டுத் தளத்துக்கு இரண்டு டேப்லெட் கொடுத்தார்கள். இனி எல்லாம் இதில்தான், காகிதமே கூடாது என்றார்கள்.

3. பயிற்சி சாப்பாட்டுக் கூடத்தில் ஒன்றரை மணி நேரம் நடந்தது. வந்தவர் நல்ல மனிதர்தான், ஆனால் அவர் பேசிய வேகத்துக்கு எங்களால் பின்னால் ஓட முடியவில்லை. எங்கள் தளத்தில் ஒன்பது பேர். அதில் மூன்று பேருக்கு அது உடனே பிடித்துவிட்டது. ஒரு அக்கா, "இது நம்மள வேவு பார்க்க வந்த பெட்டி, நான் தொடமாட்டேன்" என்று கையைக் கட்டிக்கொண்டார். ஓய்வு பெற ஓர் ஆண்டே இருந்த இன்னொருவர், "அதுவரைக்கும் யார் பின்னாலயாவது ஒளிஞ்சுக்கிறேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கு உதறல்தான்.

4. என் பயத்துக்குக் காரணம் என் விரல்கள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தடவை சோப்பு போட்டுக் கை கழுவுகிறோம். அதன்மேல் கிருமிநாசினி. பத்தொன்பது ஆண்டில் என் விரல் நுனிகளில் ரேகையே தேய்ந்துவிட்டது. அந்தத் திரை என் விரலை விரலாகவே எடுத்துக்கொள்வதில்லை. ரேகை வைத்தால் திறக்காது. அதற்குப் பதிலாக ரகசிய எண் கொடுத்தார்கள். எண்ணை அழுத்தினால் ஒன்று பதியும், அடுத்தது பதியாது. மூன்று தடவை தவறினால் திரை பூட்டிக்கொள்ளும். பிறகு மேற்பார்வையாளர் வந்துதான் திறக்கவேண்டும். அவர் அறையில் ஒரு பெரிய திரை இருக்கிறது. நேரத்துக்குப் பதிவாகாத வேலை ஒவ்வொன்றும் அதில் சிவப்பாகத் தெரியும். திங்கள்கிழமை தோறும் யாருக்கு எத்தனை சிவப்பு என்று எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள். முதல் மாதம் என் பெயரைத்தான் நான்கு வாரமும் கேட்டேன். ஒருநாள் ஒரு பாட்டிக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தபோது டேப்லெட் சத்தம் போட்டது. துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டிருந்தார். அன்று எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது.

5. அதன் பிறகுதான் என் ரகசிய எண்ணை உடன் வேலை பார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். அது விதிக்கு விரோதம் என்று எனக்குத் தெரியும். அவரை நாங்கள் 'மின்னல்' என்று கூப்பிடுவோம். திரையில் அவர் விரல் ஓடும் வேகம் அப்படி. நான் செய்த வேலைகளை வாயால் சொல்வேன், அவர் என் எண்ணில் பதிவு செய்வார். அதற்கு ஈடாக அவர் புரட்டிப் படுக்கவைக்க வேண்டியவர்களில் இரண்டு பேரை நான் பார்த்துக்கொள்வேன். சீக்கிரமே எங்கள் தளத்தில் ஐந்து பேருக்கு அவர்தான் விரல். ஐந்து பேர் வேலையையும் பதிந்துவிட்டுத் தன் வேலையையும் அவர் பார்க்க வேண்டியிருந்தது. 'நேற்றுப் போலவே' என்று அதில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் முந்தைய நாள் பதிவு அத்தனையும் இன்றைய பதிவாக ஒரே நொடியில் இறங்கிவிடும், சிவப்பு எல்லாம் பச்சையாகிவிடும். அவர் அதை அழுத்த ஆரம்பித்தார். எங்களுக்குத் தெரியும். நாங்கள் கேட்கவில்லை.

6. இப்போது பாதிக்கப்பட்டவரைப் பற்றிச் சொல்கிறேன். அறை எண் 214. வயது எழுபத்தொன்பது. முப்பது ஆண்டு பேருந்து நடத்துனராக இருந்தவர். நாங்கள் 'கண்டக்டர் ஐயா' என்போம். பக்கவாதத்தில் பேச்சு பெரும்பாலும் போய்விட்டது, ஆனால் ஒரு வாக்கியம் மட்டும் பிசகாமல் வரும். சாப்பாட்டு நேரத்தில் சக்கர நாற்காலிகள் கூடத்து வாசலில் முட்டிக்கொண்டு நிற்கும்போது, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு" என்று சத்தம் போடுவார். மூன்றாவது சத்தத்துக்குள் எல்லா நாற்காலியும் நகர்ந்துவிடும். ஞாயிறு தோறும் அவருடைய மகள் வருவார். அன்று காலையிலிருந்தே சட்டைப் பையில் சீப்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

7. சென்ற மாதம் 25ஆம் தேதி திங்கள்கிழமை, விழுங்கும் பயிற்சி கொடுப்பவர் வந்து கண்டக்டர் ஐயாவைப் பரிசோதித்தார். தண்ணீர், தேநீர் போல நீர்த்த எதுவும் இனி அவர் தொண்டையில் சரியாக இறங்காது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்றார். கெட்டியாக்கும் மாவைக் கலந்து, கூழ் பதத்தில் கரண்டியால்தான் கொடுக்கவேண்டும் என்று எனக்குச் செய்து காட்டி, ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். போகும்போது, "இத மறக்காம பதிவுல மாத்திடுங்க. ஒரு டம்ளர் தண்ணி போதும், ஆளையே கொண்டுபோயிடும்" என்றார்.

8. நான் முயற்சி செய்தேன் ஐயா. 'குடிநீர்' என்ற கட்டத்தில் 'சாதாரணம்', 'உதவியுடன்', 'மறுத்தார்' என்ற மூன்றுதான் இருந்தன. மாற்றுவதற்கான இடம் வேறு பக்கத்தில் எங்கோ இருக்கிறது என்று தெரியும், எங்கே என்று தெரியாது. வரிசையாகச் சோறு ஊட்ட வேண்டியவர்கள் காத்திருந்தார்கள். மின்னலிடம் போய், "கண்டக்டர் ஐயாவுக்கு இனிமே கெட்டித் தண்ணி மட்டும்தான், போட்டுடும்மா" என்றேன். கையில் படுக்கை விரிப்புகளோடு நின்றவர், "போட்டுடறேன்க்கா" என்றார். ஷிஃப்ட் முடியும்போது அவருக்கு மறந்துவிட்டது. வழக்கம்போல 'நேற்றுப் போலவே' என்று அழுத்திவிட்டார்.

9. இந்தப் பத்தியை எழுதத்தான் மூன்று தடவை தாளைக் கிழித்தேன். 26ஆம் தேதி செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் திரையைப் பார்த்தேன். கண்டக்டர் ஐயா பெயருக்கு நேரே 'சாதாரணம்' என்றே இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். நானே மாற்றப் பார்த்தேன். மூன்று தடவை விரல் பதியாமல் திரை பூட்டிக்கொண்டது. மேற்பார்வையாளரிடம் போய்த் திறக்கச் சொல்லவேண்டும். முந்தைய நாள்தான், மின்னல் வராத ஒரு நாளில் விழுந்த என் சிவப்புகளை வாசித்து, "கத்துக்க முடியலன்னா வீட்டுல இருக்கலாமே" என்று சொல்லியிருந்தார். அவர் அறை வாசல்வரை போனேன். உள்ளே தலைமை அலுவலகத்தில் யாரிடமோ தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். மின்னலிடம் இரண்டாம் தடவை கேட்கவும் கூச்சமாக இருந்தது. அதற்குப் பதிலாக ஒரு தாளில் சிவப்பு மையால் 'தண்ணீர் அப்படியே கொடுக்காதீர்கள், கெட்டியாக்கிக் கரண்டியில் மட்டும்' என்று பெரிதாக எழுதிக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். அன்று முழுக்க நானே கரண்டியில் கொடுத்தேன். பிறகு வீட்டுக்குப் போனேன். மறுநாள் புதன்கிழமை எனக்கு வார விடுப்பு.

10. புதன்கிழமை காலை தலைமை அலுவலகத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று சுவரில் இருந்த காகிதம் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். துப்புரவுப் பணியாளர் எடுத்துவிட்டார். எனக்குப் பதிலாக வேறு இடத்திலிருந்து ஒரு மாற்றுப் பணியாளரை அனுப்பியிருந்தார்கள். நாற்பது வயதிருக்கும். எங்கள் இல்லத்தில் அவருக்கு அன்றுதான் முதல் நாள். பிற்பகல் நான்கு மணிக்குத் தேநீர் கொடுக்கும் முன் அவர் செய்யவேண்டியதைச் சரியாகச் செய்தார். டேப்லெட்டைப் பார்த்தார். 'சாதாரணம்' என்று இருந்தது. தேநீரை ஆற்றி, டம்ளரை வாயில் வைத்துக் கொடுத்தார்.

11. இரண்டாவது மிடறிலேயே புரையேறியது. முகம் நீலமாகிவிட்டது. அவரை முன்னால் சாய்த்து முதுகில் தட்டி, ஆம்புலன்ஸ் வரும்வரை தாங்கிப் பிடித்திருந்தவர் அதே மாற்றுப் பணியாளர்தான் என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். கண்டக்டர் ஐயா இன்றுவரை மருத்துவமனையில் இருக்கிறார். இரண்டு நுரையீரலிலும் சளி கட்டிவிட்டது. மூக்கு வழியாகக் குழாயில் ஆகாரம். கண் திறக்கிறார். பேச்சு சுத்தமாக இல்லை.

12. வியாழக்கிழமை வேலைக்கு வந்து படியேறும்போதே செய்தி காதில் விழுந்தது. என் எண்ணில் 'சாதாரணம்' என்று இருக்கும், என் கதை முடிந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். அவரை நினைப்பதற்கு முன் என்னை நினைத்தேன் ஐயா. துணி மடிக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கையை மேலாடையில் அழுத்தித் துடைத்து, மூன்றாவது முயற்சியில் திரையைத் திறந்தேன். கண்டக்டர் ஐயாவின் பதிவில், 'கெட்டியாக்கிய நீர் மட்டும். சாதாரண நீர் கூடாது' என்று இருந்தது. பதிவு செய்தவர்: 41. தேதி: 25. நேரம்: மாலை 5.40.

13. மறைக்காமல் எழுதுகிறேன். அந்த நொடியில் எனக்கு வந்தது நிம்மதி. தலை தப்பியது என்று சுவரில் சாய்ந்துகொண்டேன். ஒரு நிமிடம் போயிருக்கும். 26ஆம் தேதி மூன்று மணிக்கு நான் பார்த்தபோது அது அங்கே இல்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. 25ஆம் தேதி பதிந்தது 26ஆம் தேதி எப்படி இல்லாமல் போகும்? நான் விடுப்பில் இருந்தபோது, அவர் மருத்துவமனைக்குப் போன பிறகு, என் எண்ணால் யாரோ எழுதி, தேதியைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள். என்னைக் காப்பாற்ற யாரும் அதைச் செய்திருக்கமாட்டார்கள். இல்லத்தைக் காப்பாற்றச் செய்திருக்கிறார்கள். பதிவு சரியாக இருந்தது, வந்தவர்தான் படிக்காமல் கொடுத்துவிட்டார் என்று ஆகிவிட்டது.

14. அன்று மாலையே மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். "ரெக்கார்டுல உன் மேல ஒரு தப்பும் இல்ல. நீ திங்கக்கிழமையே போட்டிருக்க. யார் கேட்டாலும் அதுல இருக்கறத சொல்லு, போதும். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "உன் நம்பர மத்தவங்களுக்குக் குடுத்திருக்கேன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? அதையும் கிளறணுமா?" என்றார். தலையாட்டினேன். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பேசும்போது அவர் கையிலிருந்த பேனா மேசையில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எங்களைவிட அவர்தான் அதிகமாகப் பயந்திருந்தார். ஆனால் பயந்தவர் செய்தால் தவறு தவறில்லை என்று ஆகிவிடாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

15. மின்னலிடம் கேட்டேன். முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு கழிவறையில் கை கழுவும் தொட்டியருகே நின்றுகொண்டு, குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னார். "சூப்பர்வைசர் அம்மா என் பக்கத்துலயே நின்னாங்கக்கா. ஆம்புலன்ஸ் வாசலத் தாண்டி அஞ்சு நிமிஷம் கூட ஆகல. நம்பரப் போடு, தேதிய மாத்துன்னாங்க. மறந்தது நான்தானே, வேற என்ன செய்வேன்? எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குக்கா." அழுதார். அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அந்த எண்ணை அவர் கையில் கொடுத்தது நான்தானே.

16. மாற்றுப் பணியாளரை வியாழக்கிழமையே அனுப்பிவிட்டார்கள். கவனக்குறைவால் உயிராபத்து விளைவித்தவர் என்று அவரை அனுப்பிய நிறுவனத்துக்கும் எழுதிவிட்டார்களாம். இனி எந்த இல்லத்திலும் அவரைச் சேர்க்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை வேலைக்கு வரும்போது அவரைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். தன் பையையும் செருப்பையும் எடுத்துப்போக வந்திருந்தார். என் சீருடையைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. "ஸ்கிரீன்ல சாதாரணம்னுதாங்க இருந்துச்சு. ரெண்டு தடவ பார்த்தேன். புது இடம்ல, அதனால ரெண்டு தடவ. ஆனா ஆபீஸ்ல கூப்பிட்டுக் காட்டறாங்க, வேற மாதிரி இருக்கு. நல்லா பார்த்தேன்னு எத்தன தடவதான் சொல்றது? இப்ப எனக்கே என் கண்ணு மேல சந்தேகம் வந்துடுச்சுங்க. ராத்திரி மருந்துச் சீட்டு படிச்சாகூட என் வீட்டுக்காரர ஒரு தடவ படிக்கச் சொல்றேன்" என்றார். நான் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருடைய பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டார்.

17. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் லாரிப் பட்டறையில் வேலை செய்கிறார். எதையும் நிதானமாகப் பார்ப்பவர். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உன் மேல பழி இல்லையே, அப்புறம் எதுக்கு நீயா போய்க் கழுத்த நீட்டற? வேலை போறதோட நிக்காது, கேஸ் ஆகும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆகவே ஒரு வாரம் சும்மா இருந்தேன். வேலைக்குப் போனேன், பேசாமல் வந்தேன். டேப்லெட் சத்தம் போட்டால் உடம்பு தூக்கிப்போடும். யாருக்குத் தண்ணீர் கொடுக்கும் முன்பும் திரையை இரண்டு தடவை பார்க்கிறேன். திரையில் இருப்பதை நம்பவும் பயம், நம்பாமல் இருக்கவும் பயம்.

18. இடையில், இம்மாதம் 1ஆம் தேதி, ஒரு காரியம் செய்தேன். டேப்லெட்டின் பின்னால், அதைக் கொடுத்த நிறுவனத்தின் உதவித் தொலைபேசி எண் ஒட்டியிருக்கும். எங்கள் இல்லத்தின் பெயரைச் சொல்லாமல், பொதுச் சந்தேகம் கேட்பதுபோல் கேட்டேன். தேதியைப் பின்னுக்குத் தள்ளி எழுதினால் எழுதிய உண்மையான நேரம் அழிந்துவிடுமா என்றேன். எடுத்த பெண் சொன்னார்: "அழியாதும்மா. வெளியில நீங்க எந்தத் தேதி போட்டாலும் சரி, எந்த நம்பர்ல, எந்த டேப்லெட்ல, எத்தன மணிக்குத் தொட்டீங்கன்னு உள்ள தனியா இருக்கும். மாத்தறதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுங்கறதும் இருக்கும். முப்பது நாள் வச்சிருப்போம், அப்புறம் தானா போயிடும்." ஏழு மாதமாக எந்தப் பெட்டியைப் பார்த்து நடுங்கினேனோ, அதன் உள்ளேதான் உண்மை இருக்கிறது. எங்கள் ஒன்பது பேரில் ஒருவரும் சொல்லாததை அது சொல்லும். ஆனால் இம்மாதம் 26ஆம் தேதிவரைதான்.

19. இருந்தும் துணிவு வரவில்லை. நேற்று முன்தினம், 7ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கண்டக்டர் ஐயாவின் மகள் அவருடைய துணிகளை எடுக்க வந்தார். அலமாரியிலிருந்து சட்டைகளை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் திடீரென்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஆபீஸ்ல சொன்னாங்கம்மா. நீங்க ஒருத்தர்தான் அப்பாவுக்குச் சரியா எழுதி வச்சிருந்தீங்களாம். வந்தவ மட்டும் ஒரு நிமிஷம் படிச்சிருந்தா… நீங்க நல்லா இருக்கணும்" என்றார். என் கைகள் அவர் கைகளுக்குள் இருந்தன. உருவிக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. அவர் போன பிறகு அந்தக் கட்டிலில், விதிக்கு மாறாக, உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குப் போய், "எழுதப்போறேன்" என்றேன். என் வீட்டுக்காரர் எழுந்துபோய்த் தாளும் பேனாவும் எடுத்துவந்து வைத்தார். இந்த மனுவில் பிழை திருத்தியதும் அவர்தான்.

20. ஆகவே தங்களிடம் கேட்பவை இவை.

அ) 214ஆம் அறையின் பதிவேட்டு உள்விவரத்தை, சென்ற மாதம் 25ஆம் தேதி முதல் 28ஆம் தேதி வரை, இம்மாதம் 26ஆம் தேதிக்கு முன் டேப்லெட் நிறுவனத்திடமிருந்து நேரடியாகக் கைப்பற்ற வேண்டுகிறேன். எங்கள் இல்லத்தின் வழியாகக் கேட்கவேண்டாம். முன்கூட்டிச் சொல்லிவிட்டும் வரவேண்டாம். தாங்கள் வருவதாகத் தெரிந்தால் எல்லாம் பச்சையாக இருக்கும்.

ஆ) டேப்லெட்டை எடுத்துவிடச் சொல்லவில்லை. மூன்றாம் தளத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு ஒரே மாத்திரை இரண்டு தடவை போகவிருந்ததை அதுதான் தடுத்தது. ஆனால் அந்த 'நேற்றுப் போலவே' பொத்தானை உடல்நிலை, உணவு, குடிநீர் ஆகிய பக்கங்களிலிருந்தாவது நீக்க உத்தரவிடுங்கள். முதியவர்களின் உடம்பு ஒருநாளும் நேற்றுப் போலவே இருப்பதில்லை.

இ) விரல் பதியாதவர்களுக்கு வேறு வழி வேண்டும். பேனா போன்ற ஒன்றோ, வாயால் சொன்னால் எழுதிக்கொள்ளும் வசதியோ, எது முடியுமோ அது. ஒன்றரை மணி நேரப் பயிற்சி போதாது. தெரியவில்லை என்று சொல்பவரை எல்லார் முன்னாலும் வாசிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். நாங்கள் டேப்லெட்டுக்குப் பயந்து பொய் எழுதவில்லை. அந்த வாசிப்புக்குப் பயந்துதான் எழுதினோம்.

ஈ) விழுங்க முடியாதவர்களின் கட்டிலருகே ஒரே ஒரு காகிதம் இருக்க அனுமதி கொடுங்கள்.

உ) ரகசிய எண்ணைப் பிறரிடம் கொடுத்ததற்கும், 26ஆம் தேதி பார்த்தும் சொல்லாமல் போனதற்கும் எனக்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள். வேலை போகும் என்று தெரிந்தே எழுதுகிறேன். மின்னலும் மேற்பார்வையாளரும் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களையும் தனித்தனியாக, கதவைச் சாத்தி, பயமுறுத்தாமல் கேளுங்கள். சொல்லிவிடுவார்கள் என்றே நம்புகிறேன்.

21. கண்டக்டர் ஐயாவின் மகளிடம் நானே போய்ச் சொல்வேன். நாளை மறுநாள் மருத்துவமனைக்குப் போவதாக இருக்கிறேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளவேண்டியவள் நான். அதைத் தங்களிடம் ஒப்படைக்க முடியாது.

22. கடைசியாக ஒன்று. விசாரணை என்றால் நாளாகும் என்பது எனக்குத் தெரியும். என்னை எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன், காத்திருக்கிறேன். ஆனால் மற்ற எதையும் தொடங்கும் முன், அந்த மாற்றுப் பணியாளரை ஒருமுறை அலுவலகத்துக்கு அழையுங்கள். உட்காரவைத்து, அன்று நீங்கள் பார்த்தது சரிதான், திரையில் 'சாதாரணம்' என்றுதான் இருந்தது, உங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லுங்கள் ஐயா. அதற்கு எந்த விசாரணையும் தேவையில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மேல் எழுத எனக்குத் துணிவில்லை. தங்கள் உடனடி நடவடிக்கையை நம்பி,

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்பணிந்த,
(கையொப்பம்)
பராமரிப்புப் பணியாளர், பணி எண் 41

நாள்: 9ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை.
இடம்: என் வீடு.

இணைப்பு:
1. என் பெயர், முகவரி அடங்கிய ஒட்டிய உறை.
2. விழுங்கும் பயிற்சி கொடுப்பவர் 25ஆம் தேதி என்னிடம் எழுதிக் கொடுத்த குறிப்பின் நகல்.
3. மாற்றுப் பணியாளரை அனுப்பிய நிறுவனத்தின் தொலைபேசி எண்.